ஜீப்பில் வந்த பிள்ளைகள்

காலை ஆறரை மணிக்குத் தமிழ்நாடு-கேரள எல்லையில், குமுளி செக்போஸ்ட்டில் நின்று பாருங்கள். கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் பக்கமிருந்து ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மலையேறி வரும். ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகும் பெண்கள். எட்டுப் பேர் உட்கார வேண்டிய வண்டியில் பதினைந்து பேர் இருப்பார்கள். காலடியில் தூக்குவாளிகளும் ரப்பர் பூட்ஸும் கிடக்கும். சில வண்டிகளில் யாராவது ஒருத்தியின் மடியில், முந்தானைக்குள் சுருண்டு, தூக்கம் கலையாமல் ஒரு பிள்ளை. முப்பத்தைந்து வருஷம் இந்த ஊரில் அங்கன்வாடி டீச்சராக இருந்தேன். இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். ஆனாலும் ஜீப்பைப் பார்த்தால் என் கண் அந்த மடிகளைத்தான் தேடும்.

நான் பிறந்தது 1961இல், வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். அம்மாவுக்குக் கொழுந்து எடுக்கும் வேலை. என்னைத் தோட்டத்து கிரெச்சில் விட்டுவிட்டுத்தான் மலைக்குப் போவாள். தகரக் கூரை, சிமெண்டுத் தரை, உத்தரத்திலிருந்து வரிசையாகத் தொங்கும் சேலைத் தூளிகள். அங்கே வளர்ந்த நானே இருபத்தொரு வயதில் அதே கிரெச்சில், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாம்மாவுக்கு ஒத்தாசையாக வேலைக்குச் சேர்ந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு மேலே படிக்க வழியில்லாமல் இருந்த நேரம் அது.

ஆயாம்மா நாலு தூளிகளை ஒரே கயிற்றால் இணைத்து, அதன் நுனியைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு ஆட்டுவார். இரண்டு கையும் கஞ்சி கிண்டிக்கொண்டிருக்கும். பத்து மணிக்குப் பால் கொடுக்கிற நேரம். தாய்மார் சரிவிலிருந்து ஓடி வருவார்கள். வாசல் தொட்டியில் கைகழுவிய பிறகே பிள்ளையைத் தொடலாம் என்பது ஆயாம்மா போட்ட சட்டம். எவ்வளவு கழுவினாலும் கொழுந்தின் பச்சை வாசனை விரலை விட்டுப் போகாது. பிள்ளையின் கன்னத்திலும் ஒட்டிக்கொள்ளும். மத்தியானம் ஒரு பிள்ளை சிணுங்கினால் ஆயாம்மா அதன் கன்னத்தை முகர்ந்து பார்ப்பார். “இவ ஆத்தா வந்துட்டுப் போயிட்டா, இது வயித்து வலி” என்பார். வாசனை இல்லையென்றால், “இது பசி, மேஸ்திரி விடல போலருக்கு” என்று பாலைக் காய்ச்சச் சொல்வார்.

புதுப் பிள்ளை வந்தால் அவருக்கு ஒரு முறை உண்டு. முதல் நாள் முழுக்க இடுப்பிலேயே வைத்திருப்பார். இரண்டாம் நாள் மடி. மூன்றாம் நாள்தான் தூளி. நான் சேர்ந்த புதிதில், இருபத்தாறு பிள்ளைகள் இருக்கும்போது ஒரே பிள்ளையை நாள் முழுக்கத் தூக்கித் திரிகிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். “இது இங்க யாரையும் நம்பாது தாயி. ஒருத்திய நம்புனாத்தான் மத்தவங்களயும் நம்பும்” என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்பது முப்பது வருஷம் கழித்து ஒரு டாக்டர் வாயால்தான் எனக்கு முழுசாக விளங்கியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கிரெச் என்பது துரை மனசு வைத்துக் கட்டிக்கொடுத்தது என்றே லயத்தில் எல்லாரும் நினைத்திருந்தோம். இல்லை என்று சொன்னவர் எங்கள் லயத்துச் சங்கக்காரர். எனக்குச் சித்தப்பா முறை. 1951இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் இருக்கிறது, ஐம்பது பெண்கள் வேலை பார்க்கும் தோட்டத்தில் கிரெச் இருந்தே ஆக வேண்டும் என்று விரல் விட்டுச் சொல்வார். பிற்பாடு அந்தச் சட்டத்தைத் திருத்தி, பெண்கள் குறைவாக இருந்தாலும் அவர்களுடைய பிள்ளைகள் இருபது பேர் இருந்தால் போதும் என்று ஆக்கினார்கள்.

அவர் வீட்டுக்குச் ‘சோவியத் நாடு’ பத்திரிகை வரும். வழவழத்த தாள், பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு அட்டை போட அதைவிட நல்ல தாள் கிடையாது. என் கணக்குப் புத்தகத்தின் அட்டையில் ஒரு படம் இருந்தது. வெள்ளைத் தொப்பி போட்ட பிள்ளைகள் குட்டிக் கட்டில்களில் வரிசையாகப் படுத்திருப்பார்கள், வெள்ளைக் கோட்டு போட்ட அம்மா ஒருத்தி நடுவில் நிற்பாள். “அங்க தாய் மில்லுக்குப் போனா பிள்ளைய மில்லே பாத்துக்கும்” என்று சித்தப்பா சொன்னார். எங்கள் கிரெச்சும் அப்படித்தானே, கட்டில் மட்டும்தான் இல்லை என்று எனக்குத் தோன்றியது. ஒரு பத்தாண்டு முழுக்க அந்தப் படம் என் புத்தகங்களில் மாறி மாறி வந்திருக்கிறது.

1988இல் குமுளியில் அங்கன்வாடி டீச்சரானேன். அங்கன்வாடிகளை நடத்தும் ஐ.சி.டி.எஸ். திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 இடங்களில் தொடங்கியது. கேரளத்தில் முதலில் மலப்புரம் மாவட்டத்து வேங்கரையில். எங்கள் மலைக்கு வந்து சேர நாளானது. எனக்குக் கிடைத்தது ஏலக்காய் ஸ்டோர் ஒன்றின் பின்பக்கத்து வாடகை அறை. காய் உலர்த்தும் நாளில் அறை முழுக்க அனலும் மணமும் அடிக்கும். பிள்ளைகளின் தலைமுடியிலெல்லாம் ஏலக்காய் வாசம் இருக்கும். சம்பளம் என்று அதைச் சொல்லக்கூடாது, மதிப்பூதியம் என்றார்கள். மூன்று இலக்கத் தொகை.

கிரெச்சுக்கும் அங்கன்வாடிக்கும் உள்ள வித்தியாசம் முதல் வாரத்திலேயே தெரிந்தது. கிரெச் தாயின் வேலையைச் சேர்ந்தது. தாய் பிரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, போகும்போது திறக்கும், தாய் திரும்பும்போது மூடும். அங்கன்வாடி பிள்ளையின் வயதைச் சேர்ந்தது. சத்துணவு, தடுப்பூசி, எடை, விளையாட்டு, பாட்டு எல்லாம் உண்டு. ஆனால் திறப்பது ஒன்பதரைக்கு, மூடுவது மூன்றரைக்கு. ஏலத்தோட்டத்தில் வேலை எட்டு மணிக்கு முன்பே தொடங்கிவிடும். வேலைக்குப் போகாத தாயின் பிள்ளைக்கு என் சென்டர் சரியாக இருந்தது. வேலைக்குப் போகிறவளின் பிள்ளைக்கு முன்னாலும் பின்னாலும் இரண்டு இரண்டு மணி நேரம் ஓட்டை. அந்த ஓட்டையை யார் அடைப்பது என்று எந்தப் பயிற்சியிலும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. பாட்டி இருந்தால் பாட்டி. இல்லாவிட்டால் ஏழு வயது அக்கா, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு.

முதல் ஜீப்புப் பிள்ளை வந்தது 1990 வாக்கில். ஏழு மணிக்கு நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிறேன், வீட்டு வாசலில் ஒரு பெண். கூடலூர்க்காரி. இடுப்பில் ஒன்றரை வயதுப் பையன்.

“டீச்சரு, மாமியா மேலுக்குச் சரியில்லாமக் கெடக்கு. இவன இன்னிக்கு மட்டும் வச்சிருங்க. சாயங்காலம் ஜீப்பு எறங்கையில தூக்கிக்கிறேன்.”

“தோட்டத்துல கிரெச்சு ஒண்ணும் இல்லையா ஆத்தா?”

“எங்க இருக்கு? போன வாரம் மரத்துல தூளி கட்டிப் போட்டேன். அட்டை ஏறிருச்சு.”

ஏலக்காடு எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தேயிலை மலையைப் போல வெட்டவெளி கிடையாது. பெரிய நிழல் மரங்கள், அதற்குக் கீழே ஆளுயரத்துக்கு மேல் ஏலத்தட்டைகள், எப்போதும் சொதசொதவென்று ஈரம். காய் வைக்கும் சரம் செடியின் அடியில் தரையோடு கிடக்கும். குனிந்தும் குத்தவைத்தும்தான் எடுக்க முடியும். பிள்ளையை எங்கே கட்டிப்போட்டாலும் நாலு செடி தள்ளிப் போனால் கண்ணுக்குத் தெரியாது. மருந்தடித்த வாடை வேறு. அந்தத் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஏலத்தோட்டத்துக்கும் பொருந்தும் என்று ஆன பிறகும், கையகல நிலமும் நாலைந்து ஆட்களும் வைத்திருக்கும் சின்னச் சின்னத் தோட்டங்கள் அதன் வரம்புக்குள் வரவில்லை. தினமும் வெவ்வேறு தோட்டத்துக்குப் போகிற ஜீப்புக் கூலிக்கு, நிலையாக ஒரு முதலாளியே இல்லாதபோது, கிரெச்சை யாரிடம் கேட்பது?

பையனை வாங்கிக்கொண்டேன். ஆயாம்மா சொல்லித்தந்தபடி அன்று முழுக்க இடுப்பிலேயே வைத்திருந்தேன். மத்தியானம் கஞ்சி ஊற்றும்போது சூப்பர்வைசர் வந்துவிட்டார். எண்ணிப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார். ஒரு பிள்ளை கூடுதல். இந்தப் பிள்ளை எந்த ஊர்ப் பதிவேட்டில் இருக்கிறதோ அந்த ஊர்தான் சோறு போட வேண்டும், உங்கள் கணக்கில் தொட்டீர்கள் என்றால் ரிப்போர்ட் எழுதுவேன் என்றார். மலையாளத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு பிள்ளைக்கு இத்தனை கிராம் என்று அளந்து வருகிற அரிசிக்கும் பயறுக்கும் அவர் கணக்குச் சொல்ல வேண்டும். பையனின் பெயர் கூடலூர் அங்கன்வாடியில் இருந்தது. அவன் வயிறு என் சென்டரில் இருந்தது. எங்கள் துறை நடக்கிற விதம் இதுதான்: உணவு பெயரைத் தேடிப் போகும், பிள்ளை தாயைத் தேடிப் போகும். இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்தால் அந்த மாதம் எடை ஏறும்.

அன்று முதல் நாற்பது பக்க நோட்டு ஒன்று தனியாக வைத்துக்கொண்டேன். விருந்துப் பிள்ளைகள் என்று மேலே எழுதினேன். பெயர், வயது, ஊர், எடை. அவர்களுக்கு என் வீட்டு அரிசி, சில நாள் பக்கத்து மளிகைக்காரர் கொடுத்த பயறு. ஓய்வு பெறும்போது மூன்று நோட்டு நிறைந்திருந்தது.

எடை எடுப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வேலையின் உயிர் அதில்தான். சால்ட்டர் தராசு என்று ஒன்று கொடுத்தார்கள். உத்தரத்தில் மாட்டி, கீழே கொக்கியில் துணித்தூளி கோத்துப் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். பிள்ளை உதைக்கும், முள் ஆடும். அது நிற்கிற ஒரு நொடியில் படித்துவிட வேண்டும். தூளிக்கான 200 கிராமைக் கழிக்க மறந்து, மெலிந்த பிள்ளையை நல்ல பிள்ளை என்று எழுதிய டீச்சர்களும் உண்டு. நானும் ஒரு முறை எழுதினேன். இரண்டு மாதம் கழித்து அந்தப் பிள்ளையின் கால் வீங்கியபோதுதான் கண்டுபிடித்தேன். ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பிழைத்துவிட்டது. அதற்குப் பிறகு, வெறும் தூளியை மாட்டி முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தாமல் எந்தப் பிள்ளையையும் நான் ஏற்றியதில்லை.

1995 டிசம்பர் 9. போலியோ சொட்டு மருந்து முதன்முதலாக நாடு முழுக்க ஒரே நாளில் கொடுத்தார்கள். பிறகு வந்த ஒரு சுற்றில் எனக்குக் குமுளி பஸ் ஸ்டாண்டு பக்கம் பூத். ஜீப், பஸ், லாரி எல்லாவற்றையும் நிறுத்தினோம். ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் வாயைத் திற, இரண்டு சொட்டு, சுண்டுவிரலில் மை. எந்த ஊர், எந்த ரேஷன் கார்டு, எந்த மாநிலம் என்று யாரும் கேட்கவில்லை. கம்பத்தில் ஏற்கனவே மை வைத்த விரலோடு வந்தால் சிரித்துக்கொண்டே அனுப்பினோம். சாயங்காலம் கால் கடுக்க வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு ஒரே யோசனை. மருந்துக்கு முடிகிறது என்றால் கஞ்சிக்கு ஏன் முடியாது? இந்தியாவில் கடைசிப் போலியோ நோயாளி பதிவானது 2011 ஜனவரியில். 2014இல் நாடு போலியோ இல்லாததாக அறிவிக்கப்பட்டது. பிள்ளை நிற்கிற இடத்துக்கு மருந்து போனது, அதனால் நடந்தது.

2000ஆம் ஆண்டை ஒட்டிப் பீருமேட்டுத் தேயிலைத் தோட்டங்கள் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டன. என் அம்மா வேலை பார்த்த தோட்டமும் அதில் ஒன்று. ஒரு நாள் காலையில் பிரட்டுக்குப் போனவர்கள் ஆபீசில் ஆள் இல்லாமல் திரும்பி வந்தார்கள். சம்பளம் பாக்கி, கிராஜுவிட்டி பாக்கி. இதெல்லாம் செய்தித்தாளில் வந்தது. கிரெச்சைப் பற்றி யாரும் எழுதவில்லை. தோட்டம் நின்றால் பால் நிற்கும், ஆயா சம்பளம் நிற்கும். ஆனால் பிள்ளைகள் நிற்கவில்லை. தாய்மார் விறகுக்கும் கூலிக்கும் ஏலக்காட்டுக்குமாக முன்னைவிட அதிக நேரம் வெளியே இருந்தார்கள். அப்போது ஆயாம்மாவுக்கு அறுபதை ஒட்டிய வயது. ஆளுக்கு ஒரு பிடி அரிசி வாங்கி, ஏழெட்டு மாதம் சம்பளமில்லாமல் கிரெச்சைத் திறந்து வைத்திருந்தார். பிறகு கூரைத் தகரத்தை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதோடு முடிந்தது.

அந்தச் சமயத்தில் சித்தப்பாவைப் பார்க்கப் போயிருந்தேன். லயத்துத் திண்ணையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “நம்ம தேயிலைய வாங்குனவன் போயிட்டான் தாயி” என்றார். எனக்குப் புரியவில்லை. அவர்தான் விளக்கினார். இந்தியா வெளிநாட்டுக்கு அனுப்பிய தேயிலையில் பெரும்பங்கைச் சோவியத் யூனியன் வாங்கியது, ரூபாய்க் கணக்கிலேயே. 1991இல் அந்த நாடு உடைந்ததும் அந்த ஏற்பாடு போனது. 1998இல் ரூபிளும் சரிந்தது. தேயிலை விலை விழுந்தது. வேறு காரணங்களும் உண்டுதான். கிழடு தட்டிய செடிகள், எடுத்த லாபத்தைத் திருப்பிப் போடாத நிர்வாகங்கள், மற்ற நாட்டுத் தேயிலையின் போட்டி. ஆனால் என் கணக்குப் புத்தக அட்டையில் படுத்திருந்த அந்த வெள்ளைத் தொப்பிப் பிள்ளைகளின் நாடு போனதற்கும், எங்கள் ஆயாம்மாவின் தூளிக்கயிறு அறுந்ததற்கும் நடுவில் ஒரு கண்ணி உண்டு என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

“அந்தப் பிள்ளைக என்ன ஆச்சு சித்தப்பா?” என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை.

பதில் எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் கிடைத்தது. அங்கேயும் எங்கள் கதைதான். பிள்ளைக்கூடங்களில் பெரும்பாலானவை ஆலைகளையும் கூட்டுப் பண்ணைகளையும் சேர்ந்தவை. ஆலைகள் தனியாருக்குப் போனதும், பிள்ளைக்கூடம் வீண் செலவு என்று நகராட்சியிடம் தள்ளினார்கள், அல்லது மூடினார்கள். ரஷ்யாவில் 1990இல் சுமார் 88,000 இருந்தவை 2000இல் சுமார் 51,000. போய்வந்த பிள்ளைகள் 90 லட்சத்திலிருந்து பாதிக்கும் கீழே. பிறப்பும் அந்த ஆண்டுகளில் குறைந்தது உண்மை. ஆனால் கட்டடத்தை ஆபீசுக்கும் கடைக்கும் விட்ட பிறகு, பிறப்பு கூடியபோது இடம் கிடைக்காமல் தாய்மார் வரிசையில் காத்திருந்தார்கள். தாய் வேலை பார்க்கும் கம்பெனியின் தயவில் பிள்ளையை விடுவது, கம்பெனி நன்றாக இருக்கும் வரைக்கும் நல்ல ஏற்பாடு. சிவப்புக் கொடி நாட்டிலும் சரி, வெள்ளைக்காரன் போட்ட தோட்டத்திலும் சரி, முடிவு ஒன்றாகவே இருந்தது.

வேறு மாதிரி முடிவும் உண்டு என்று எனக்குச் சொன்னவர், கவி என்ற ஊரிலிருந்து எங்கள் பயிற்சிக்கு வரும் ஒரு அக்கா. இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பம். கவியில் வன வளர்ச்சிக் கழகத்து ஏலத்தோட்டத்தில் அவர்களைக் குடியமர்த்தியிருந்தார்கள். கிரெச்சை அவர் ‘பிள்ளைக் காம்பரா’ என்பார். இலங்கைத் தோட்டங்களை அரசு எடுத்து, 1992இல் மறுபடி கம்பெனிகளிடம் கொடுத்தபோது, அரசு, கம்பெனி, சங்கம் மூன்றும் சேர்ந்த அறக்கட்டளை ஒன்றின் கையில் பிள்ளைக் காம்பராக்கள் போயின என்று அவருடைய உறவுக்காரர்கள் எழுதியிருந்தார்களாம். குறைகள் அங்கேயும் நிறைய உண்டு. ஆனாலும் கம்பெனி கைமாறும்போது பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒரு ஏற்பாடு இருந்தது. பீருமேட்டில் அப்படி ஒன்று இருந்திருந்தால் ஆயாம்மா பிடி அரிசி வாங்கியிருக்க வேண்டியதில்லை.

குறையை மட்டும் சொல்லி முடிக்க முடியாது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லாப் பிள்ளைகளுக்கும் அங்கன்வாடி வேண்டும் என்றது. 2006 டிசம்பரில், குடியிருப்பில் ஆறு வயதுக்குட்பட்ட நாற்பது பிள்ளைகள் இருந்தால் ஊர்க்காரர்கள் கேட்ட மூன்று மாதத்துக்குள் திறக்க வேண்டும் என்றது. அதை வைத்து எங்கள் பக்கத்திலும் குடியிருப்புக்காரர்கள் மனு எழுதினார்கள். பிறகு அமிர்தம் மாவு வந்தது. கோதுமை, கடலைப்பருப்பு, வேர்க்கடலை, சோயா, சர்க்கரை சேர்த்துக் குடும்பஸ்ரீ பெண்கள் அரைத்து அரைக்கிலோ பாக்கெட்டில் கொடுப்பது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மாதாமாதம் வீட்டுக்கே போய்விடும். மலையாளத் தாய்மார் அதைக் ‘குறுக்கு’ என்கிற கூழாகக் காய்ச்சுவார்கள். எங்கள் தமிழ்ப் பெண்களின் பிள்ளைகள் அதைத் துப்பின. வறுத்து, வெல்லப்பாகு விட்டு உருண்டை பிடித்துக் கொடுங்கள் என்றேன். கையில் பிடித்துத் தானே தின்கிற வயதுப் பிள்ளைகளுக்கு அது போதும். அடுத்த மாதம் எடை ஏறியது. மாவை அனுப்பினால் மட்டும் போதாது, எந்த வீட்டு அடுப்புக்குப் போகிறது என்றும் பார்க்க வேண்டும் என்று அந்த உருண்டைகள் எனக்குக் கற்றுக்கொடுத்தன.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை விவகாரத்தில் எல்லை அடைபட்டது. குமுளியில் 144 தடை. ஜீப் இல்லை, பஸ் இல்லை. ஏலத்தோட்டங்களில் தங்கி வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் பயந்துபோய்ச் சுருட்டிக் கட்டிக்கொண்டு இறங்கின. என் பதிவேட்டிலிருந்த பிள்ளைகளில் ஒன்பது பேர் ஒரே வாரத்தில் இல்லை. அவர்களுக்கு வந்த மாவு என் அலமாரியில், பிள்ளைகள் கம்பம் பள்ளத்தாக்கில். கீழே அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. திரும்பி வந்தபோது தராசில் ஏற்றினேன். ஒரு பெண் பிள்ளைக்கு ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு எல்லையை மூடியபோது இதே கதை இன்னும் நீளமாக நடந்தது. தண்ணீருக்காக இரண்டு மாநிலம் பேசிக்கொள்ள மேற்பார்வைக் குழு இருக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்காக இரண்டு பக்கத்து சூப்பர்வைசர்களும் மாதம் ஒரு முறை ஒரே மேஜையில் உட்கார்ந்ததை என் சர்வீசில் ஒரு நாளும் நான் பார்க்கவில்லை.

2013இல் எங்கள் குமுளியிலேயே, வீட்டில் அடித்து நொறுக்கப்பட்ட ஒரு சின்னப் பையன் குற்றுயிராக ஆஸ்பத்திரிக்குப் போனான். கேரளமே அதிர்ந்தது. அவன் பெயரை இங்கே எழுத மாட்டேன். அவன் பிழைத்தான், ஆனால் எழுந்து நடக்கவோ பேசவோ முடியாத நிலை. அவனைப் பார்த்துக்கொள்ள அரசு அனுப்பியது மலைப்பக்கத்து அங்கன்வாடி உதவியாளர் ஒருத்தியை. கொஞ்ச நாளைக்கு என்று போனவள் பத்து வருஷத்துக்கு மேலாக அவனோடேயே இருக்கிறாள். அவனுக்கு அவளைத் தெரியும். அவள் குரலுக்குத் திரும்புகிறான், சிரிக்கிறான். 2024 டிசம்பரில் தகப்பனுக்கும் மாற்றாந்தாய்க்கும் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்களுக்கு நடந்த ஒரு பயிற்சியில்தான் ஒரு குழந்தை மருத்துவர் ருமேனியாவைப் பற்றிச் சொன்னார். 1966இல் அங்கே கருக்கலைப்பைத் தடை செய்தார்கள். வளர்க்க முடியாத பிள்ளைகளை அரசு விடுதிகளில் விட்டார்கள். 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்து உலகம் உள்ளே போய்ப் பார்த்தபோது, ஒரு லட்சத்துக்கு மேல் பிள்ளைகள் அப்படி இருந்தார்கள். சோறு கிடைத்தது, கட்டில் இருந்தது. தூக்குவதற்குக் கை இல்லை. பல பிள்ளைகள் அழுவதையே விட்டிருந்தன. அழுதால் யாரும் வருவதில்லை என்று அவற்றுக்குத் தெரிந்துபோயிருந்தது. 2000த்தை ஒட்டி புக்காரெஸ்ட்டில் 136 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். பாதிப் பேரை வளர்ப்புத் தாய்மாரிடம் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போன பிள்ளைகளின் புத்தியும் பேச்சும் தேறின. இரண்டு வயதுக்குள் போனவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள். 2004இல் அந்த நாடு இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையை விடுதியில் வைக்கக்கூடாது என்று சட்டம் போட்டது.

டாக்டர் படம் காட்டினார். வரிசையாகக் கட்டில்கள். என் கணக்குப் புத்தக அட்டை ஞாபகம் வந்தது. அது வேறு நாடு, வேறு இடம் என்று தெரிந்தும் நெஞ்சு அடைத்தது. முதல் நாள் இடுப்பு, இரண்டாம் நாள் மடி, மூன்றாம் நாள் தூளி. எழுதப் படிக்கத் தெரியாத ஆயாம்மா இதைத்தான் செய்துகொண்டிருந்தார். அன்று டீ இடைவேளையில் டாக்டரிடம் அதைச் சொன்னேன். அவர் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

இப்போது ஏலத்தோட்டங்களில் ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசம், அசாம், வங்காளம் என்று எங்கிருந்தெல்லாமோ குடும்பங்கள். நான் கடைசி ஐந்து வருஷம் இந்தியில் தண்ணீர், சோறு, வலி, அம்மா என்ற வார்த்தைகளைக் கற்றுக்கொண்டேன். வேலை மாறவில்லை. இடுப்பில் வைத்தால் மொழி தேவைப்படாது. 2021இல் போஷண் டிராக்கர் என்று போனில் எல்லாக் கணக்கும் வந்துவிட்டது. 2022இல் உச்ச நீதிமன்றம் எங்களுக்கும் கிராஜுவிட்டி உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. அறுபத்திரண்டு வயதில், 2023இல் நான் வெளியே வந்தேன். 2025 ஜூலை முதல் வீட்டுக்குக் கொடுக்கும் மாவுக்கு முகத்தைப் போனில் காட்ட வேண்டுமாம். என் இடத்துக்கு டீச்சராக வந்த பெண் சொல்கிறாள்: ஏழு மணிக்குக் காட்டுக்குப் போன தாய் பத்து மணிக்கு எப்படி முகம் காட்டுவாள் டீச்சர், டவரும் கிடைக்காது. திருட்டைத் தடுக்க வேண்டும்தான். ஆனால் முப்பத்தைந்து வருஷத்தில் பிள்ளையின் கஞ்சியைத் திருடிய தாயை நான் பார்த்ததில்லை. மூத்ததற்கும் இளையதற்கும் பங்கு வைத்த தாயைப் பார்த்திருக்கிறேன்.

இதைப் படிப்பவர்களில் தோட்டம் வைத்திருப்பவர்கள் இருக்கலாம், ஜீப் ஓட்டுகிறவர்கள், கம்பத்திலும் கூடலூரிலும் பஞ்சாயத்தில் இருக்கிறவர்கள் இருக்கலாம். காட்டில் தூளி கட்டியிருப்பதைப் பார்த்தால் பக்கத்து அங்கன்வாடியில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வேறு மாநிலத்துப் பிள்ளையாக இருந்தாலும் பெயரை இங்கே மாற்றிக்கொள்ள டீச்சர் போனிலுள்ள போஷண் டிராக்கரிலேயே வழி இருக்கிறது. பிள்ளைக்கு ஆதார் கட்டாயமில்லை, தாயின் ஆதார் போதும். இது பல டீச்சர்களுக்கே தெரியாது. இருக்கிற அங்கன்வாடியையே கிரெச்சாகவும் நடத்த ‘பால்னா’ என்று ஒன்றிய அரசுத் திட்டம் ஒன்று 2022 முதல் இருக்கிறது. குமுளியிலும் லோயர் கேம்ப்பிலும் காலை ஆறு மணிக்குத் திறக்கிற மாதிரி ஊருக்கு ஒன்றாவது கேட்டு மனுக் கொடுங்கள். மனு எழுத ஆள் இல்லையென்றால் என் வீட்டுக்கு வாருங்கள். தமிழிலும் மலையாளத்திலும் நான் எழுதித் தருகிறேன். அந்த மூன்று நோட்டையும் கூடவே இணைத்துக்கொள்ளலாம்.